அச்சுப் பிழையா, பிறகு வந்த பழுதா? வன்னி முத்திரைச் சேகரிப்பாளர்களின் அனுபவங்கள்

முல்லைத்தீவிலிருந்து:

நிறம் விடுபட்ட முத்திரைக்கு, அதாவது அச்சகத்தில் ஒரு நிறம் விழாமற் போன முத்திரைக்கு, நல்ல விலை உண்டு என்று இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. புதுக்குடியிருப்பில் ஒருவர், கடையின் கண்ணாடி அலுமாரியில் நெடுங்காலம் காட்சிக்கு வைத்திருந்த பறவை முத்திரையொன்றை, மஞ்சள் விடுபட்டது என்று கூறி, ஒரு மாதச் சம்பளத்துக்கு நிகரான விலை கேட்டார். பச்சையாக இருக்க வேண்டிய இலைகள் நீலமாக இருந்தது உண்மைதான். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், முத்திரையின் அடியோரத்தில் மட்டும், அளவுகோல் வைத்து வெட்டியது போல நேராக, இலை பச்சையாகவே நின்றது. முத்திரைகளைச் செருகிவைக்கும் ஏட்டின் பட்டி மறைத்திருந்த இடம் அது. வெயில் மஞ்சள் மையை நீலத்துக்கு முன்பே தின்றுவிடும். அச்சகத்தில் மஞ்சள் விழாமற் போயிருந்தால் அந்த ஓரத்துக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் முத்திரையை வாங்கி உறையில் இட்டுவிட்டு வேறு கதை பேசத் தொடங்கினார். பின்னர் அதை யார் தலையில் கட்டினாரோ என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

மாங்குளத்திலிருந்து:

எனக்கு வந்தது, பின்பக்கத்தில் இடவலம் மாறிய படம் தெரிந்த, பாவிக்காத பழைய முத்திரை. போர்க்காலத்தில் மண்ணில் புதைத்துப் பின்னர் தோண்டியெடுத்த றங்குப் பெட்டியில் இருந்தது. மை காயாத தாள்களை அடுக்கும்போது கீழ்த்தாளின் மை மேல்தாளின் முதுகில் படிவது, அச்சகத்தில் நேரும் உண்மையான பிழை. பெட்டிக்குள் ஈரம் இறங்கி முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டினாலும் அதேபோன்ற படம் விழலாம். வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி அதை இட்டேன். பசை கரைய, அதனோடு சேர்ந்து படமும் கழன்று கலைந்துபோனது. பசை பூசுவதற்கு முன் பட்ட மையாயின் தாளிலேயே நின்றிருக்கும். “அப்ப இதுக்கு ஒரு விலையும் இல்லையோ தம்பி?” என்று பெட்டிக்குரிய அம்மா கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?

வவுனியாவிலிருந்து:

மாங்குளம் தம்பி தண்ணீரில் இட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பாவிக்காத முத்திரையின் பெறுமதியில் பெரும்பங்கு பசையில்தான் இருக்கிறது. விளக்கைச் சாய்வாகப் பிடித்திருந்தால், மை பசைக்கு மேலா கீழா என்பது பளபளப்பிலேயே தெரிந்திருக்கும். என் அனுபவம் சிறியது: துளையில்லாத முத்திரை (கிழித்தெடுப்பதற்கான ஓரத் துளைகள் அச்சகத்தில் விடுபட்டது) என்று ஒருவர் நீட்டியதைச் சாதாரண முத்திரையொன்றின் மேல் வைத்தேன், ஓரப் பற்களை வெட்டியெறிந்திருந்ததால் நான்கு பக்கமும் சிறுத்திருந்தது. புதியவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். துளையில்லாப் பிழையைத் தனி முத்திரையாக வாங்காதீர்கள்; இரண்டு இணைந்திருந்து, இடையில் துளை இல்லாதிருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். இலங்கையின் முதல் முத்திரைகள் 1857இல் துளையின்றியே வெளிவந்தன, துளையிட்டவை 1861இல்தான் வந்தன. ஆகவே அந்தப் பழையவற்றில் துளையின்மை பிழையே அன்று. செம்மஞ்சள் முத்திரை கபிலமாகியிருந்தால் நிறப்பிழை என்று துள்ள வேண்டாம். காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் சில மைகளைக் கறுக்கச் செய்யும். எந்தக் குறையானாலும், வேறு தாள்களிலும் அதே இடத்தில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அச்சுத்தகட்டின் குறை, வராவிட்டால் பழுது.

கிளிநொச்சியிலிருந்து:

“வராவிட்டால் பழுது” என்று வவுனியா ஐயா முடித்தது சரியன்று. அதே விதியை வைத்துத்தான் ஒரு வியாபாரி, என்னிடமுள்ள முத்திரையை மடிந்து கெட்டது என்று சில்லறைக் காசுக்குத் தந்தார். மடிப்பை நகத்தால் மெல்ல விரித்தபோது, மூலைக்கு மூலை சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை திறந்தது. அதன் இரு கரையிலும் மை பிசிறின்றி நின்றது, தாளின் நார் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. அச்சான பிறகு மடிந்திருந்தால் மை வெடித்து நார் வெளியே தெரியும். முத்திரையும் தன் அளவிலேயே இருக்கும். இது விரித்தபின் அயல் முத்திரைகளைவிட அகலமாகிவிட்டது. தாள் மடிந்தபடி பொறிக்குள் போவது அந்த ஒரு தாளுக்கு நேரும் விபத்து. அடுத்த தாளில் அதைத் தேடிக் கிடைக்காது. மடிப்போடேயே துளைப்பொறிக்குள்ளும் போயிருப்பதால், துளை வரிசையும் அந்த இடத்தில் கோணியிருக்கிறது.