கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் என் மகன் கேட்டது: வலிய நாடுகள் பெரும் போர்களில் ஏன் தோற்கின்றன?

மலையடிவாரத்தான், கிருஷ்ணகிரி

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகனை அழைத்துக்கொண்டு சையத் பாஷா மலைமீதுள்ள கோட்டைக்கு ஏறினேன். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் திப்பு சுல்தானை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கும்பெனிப் படை, அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்த பிறகும் மேல்கோட்டைக்குள் நுழைய இயலாமல் திரும்பிய கதையை அவனுக்குச் சொன்னேன். “அப்படியென்றால் அமெரிக்கா வியட்நாமில் தோற்றதும் இதேபோலத்தானா?” என்று கேட்டுவிட்டான். மலை செங்குத்து, காடு அடர்த்தி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இறங்கி வரும்போதே அது விடையாகாது என்று எனக்கே பட்டது. ஆளும் ஆயுதமும் பணமும் பல மடங்கு வைத்திருக்கும் நாடு தோற்பதற்கு அடிப்படைக் காரணம் எது?

ராயக்கோட்டை வழிப்போக்கன்

ஐயா, மேக்ஸ்வெல்லைவிட, அதே ஆண்டு மே மாதத்தில் கும்பெனிப் படைத் தலைவர் கார்ன்வாலிஸுக்கு நேர்ந்ததைத்தான் உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டும். மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த அவர், மே 15 அன்று திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகிலேயே திப்புவின் படையை வென்றார். ஆனால், வழியிலிருந்த தீவனத்தையும் தானியத்தையும் திப்புவின் ஆட்கள் முன்பே அழித்திருந்ததால், பீரங்கி இழுத்த மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வீரர்களுக்கு அரிசியும் இல்லை. முற்றுகைக்கென்று அத்தனை தொலைவு இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். உணவோடு வந்துகொண்டிருந்த மராத்தியக் கூட்டாளிகளின் தூதர்களைத் திப்புவின் குதிரைப்படை மறித்துவிட்டதால், அவர்கள் பக்கத்தில் வந்துவிட்ட செய்தியே அவருக்குத் தெரியவில்லை. பின்வாங்கத் தொடங்கிய பிறகே அவர்களைக் கண்டார். களத்தில் வென்ற படை சோற்றுக்கும் வைக்கோலுக்கும் தோற்றது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த சில மாதங்கள் அவர் தலைநகரின் பக்கம் போகவே இல்லை. ஓசூரையும் எங்கள் ராயக்கோட்டையையும் பிடித்துக் கணவாய் வழியைத் திறந்தார். லம்பாடி வணிகர்களின் பொதிமாடுகள் வழியாகத் தானியம் சேர்த்தார். 1792 பிப்ரவரியில் அவர் திரும்பி வந்தபோது முடிவு வேறாக இருந்தது. மேக்ஸ்வெல்லால் ஏற முடியாத உங்கள் கோட்டையும், மார்ச் மாத உடன்படிக்கையின்படி நம் வட்டாரமான பாராமகாலோடு சேர்ந்து கும்பெனிக்குப் போனது. நெப்போலியன் 1812இல் ரஷ்யாவில் கண்டதும் பெரும்பாலும் இந்த வைக்கோல் கணக்குதான்.

பென்னாகரம் ஆசிரியை

வழிப்போக்கர் சொன்னது 1791க்குப் பொருந்தும். சிறுவன் கேட்ட வியட்நாமுக்குப் பொருந்தாது. அங்கே அமெரிக்கப் படைக்கு உணவுக்கும் குண்டுக்கும் பஞ்சம் இருந்ததில்லை. 1969இன் தொடக்கத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அங்கே இருந்தனர். இந்தோசீனாவில் அமெரிக்கா வீசிய குண்டுகளின் எடை, இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் அது வீசியதைவிட அதிகம்.

1968 சனவரி இறுதியில், டெட் என்னும் புத்தாண்டு நாளில் தொடங்கிய தாக்குதலைப் பாருங்கள். களக் கணக்கில் அது வட வியட்நாம் தரப்புக் கம்யூனிஸ்டுகளுக்குப் பெருந்தோல்வி. பல்லாயிரம் பேரைப் பலி கொடுத்தும் அவர்களால் எந்த நகரத்தையும் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால், போர் முடிவை நெருங்குகிறது என்று தங்கள் அரசு சொன்னதை நம்பியிருந்த அமெரிக்க மக்கள், சைகோனிலுள்ள தங்கள் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மார்ச் 31 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன், தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000க்கு மேல். இறந்த வியட்நாமியர் பல லட்சம். பிணங்களை எண்ணி வெற்றியைத் தீர்மானிப்பதானால் அமெரிக்காவே வென்றிருக்க வேண்டும். வட வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்கு அது நாடு இருக்குமா இல்லையா என்ற கேள்வி. வாஷிங்டனுக்கு அது அடுத்த தேர்தல் வரை தாங்குமா என்ற கேள்வி. 1979 முதல் 1989 வரை ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படையும் பெரிய களத் தோல்வி எதையும் கண்டு வெளியேறவில்லை. வலிய நாடு தோற்பது பெரும்பாலும் அதன் ஊரில்தான்.

பாலக்கோடு

நம் நாட்டை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? 1987இல் இலங்கைக்கு அமைதி காக்கச் சென்ற படை, அந்த அக்டோபரிலேயே புலிகளோடு போரிட நேர்ந்தது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. கொழும்பும் அந்தப் படையை வெளியேறச் சொன்னது, யாழ்ப்பாணமும் சொன்னது; யாருக்காகப் போனதோ அவர்களே விரும்பாத இடத்தில் பலம் எதற்கு? அந்தப் படையில் இருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “மற்ற வீரர்களுக்கு அங்கே மொழி தெரியாது; எனக்குத் தெரியும், அந்தத் தாய்மார் எங்களை என்ன சொல்லி ஏசினார்கள் என்பது முழுதும் புரிந்தது” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

காவேரிப்பட்டினத்துக் கணக்கன்

ஒரு திருத்தம். வலியவர்கள் பெரும்பாலும் வெல்கிறார்கள். அவர்கள் தோற்பது வியப்பாக இருப்பதால்தான் நாம் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். 1941இல் ஜப்பான் தன்னைவிடப் பல மடங்கு தொழில்வளம் கொண்ட அமெரிக்காவைத் தாக்கித் தோற்றது. அது வலியவன் தோற்ற கதையே அல்ல.

ஆசிரியை அம்மையார் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கார்ன்வாலிஸ் தோற்றுத் திரும்பியும் கும்பெனி ஏன் கைவிடவில்லை? அதற்கு இந்த மண்ணில் வரி இருந்தது. 1792இல் பாராமகால் கைக்கு வந்தவுடன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நம் வயல்களை அளக்க வந்துவிட்டார்கள். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. போரிட்ட இடமே போரின் செலவைத் திருப்பித் தருமானால், வலியவன் மறுபடியும் மறுபடியும் வருவான். 1799 மே 4 அன்று திப்பு மாண்டது அப்படி வந்த படையால்தான். வியட்நாமின் நெல்வயலில் அமெரிக்காவுக்கு அப்படி ஒரு வரவும் இல்லை.

பென்னாகரம் ஆசிரியை

கணக்கரின் வாதம் அழகானது. ஆனால் அல்ஜீரியாவில் அது இடறுகிறது. 1830 முதல் பிரான்ஸின் கையில் இருந்த நிலம் அது; சட்டப்படி பிரான்ஸின் ஒரு பகுதி; ஏறத்தாழ பத்து லட்சம் ஐரோப்பியர் அங்கே குடியிருந்தார்கள்; சகாராவில் எண்ணெயும் கிடைத்திருந்தது. இத்தனை பற்று இருந்தும், ஏழரை ஆண்டுப் போருக்குப் பின் 1962இல் பிரான்ஸ் அதை விட்டுத்தான் போனது. கும்பெனிக்கு லண்டனில் கணக்குக் கேட்கப் பங்குதாரர்கள் இருந்தார்கள்; பிரான்ஸில் கட்டாயப் படைச் சேவைக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் இருந்தார்கள். இவ்விரண்டு தரப்பும் கேட்ட கேள்வி ஒன்றல்லவே.

மலையடிவாரத்தான், கிருஷ்ணகிரி

எல்லாவற்றையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். செத்துப்போன மாடுகளைப் பற்றித்தான் அவன் மேலும் கேட்கிறான். அடுத்த வாரம் ராயக்கோட்டைக்கும் ஏற வேண்டுமாம். வழிப்போக்கர் அங்கே இருந்தால் சந்திப்போம்.