யாழ்ப்பாணத்தில் நாலு அறை கெஸ்ட் ஹவுஸ்: வருஷம் முழுக்க ஓடுமா?

வளவுக்காரன்:
நல்லூருக்குக் கிட்ட சும்மா கிடக்கிற பழைய கல்வீடு ஒண்டை நாலு அறை கெஸ்ட் ஹவுஸாக மாத்த யோசனை. பலாலிக்கு விமானம், காங்கேசன்துறைக்குக் கப்பல், சுற்றுலா கூடுது எண்டு சொல்லுகினம். வருஷம் முழுக்க அறை போகுமா? காசை முதலில எதில போடுறது?

தீவகன்:
வருஷம் முழுக்க எண்டு கணக்குப் போடாதேங்கோ. நாட்டுக்கு ஆக்கள் திரும்பி வந்திட்டினம், காசு அந்தளவுக்கு வரேல்லை. 2018 இல 23.3 இலட்சம் பேர், 4.38 பில்லியன் டொலர். 2024 இல 20.5 இலட்சம் பேர், 3.17 பில்லியன். ஒரு ஆள் செலவழிக்கிறது ஏறக்குறைய 1,880 டொலரில இருந்து 1,540க்கு இறங்கியிருக்கு. அதிலயும் பெரும்பங்கு தெற்குக் கடற்கரைக்கும் கண்டி, சிகிரியாப் பக்கத்துக்கும்தான் போகுது.

இங்க அறை நிறையிறது ரெண்டு தரம். நல்லூர்த் திருவிழாவும் ஐரோப்பியப் பள்ளிக்கூட லீவும் சேர்ந்து வரேக்க ஒண்டு, நத்தாரில இருந்து பொங்கல் வரைக்கும் மற்றது. போயா (பௌர்ணமி) லீவுக்குத் தெற்கில இருந்து பஸ் பஸ்ஸாக நயினாதீவு விகாரைக்குச் சனம் வரும். ஆனா அதில கனபேர் சாமானோட வந்து சமைச்சு, மண்டபங்களில படுத்திட்டுப் போறவை.

பலாலி ஓடுபாதை கட்டை, ஏடிஆர் 72 மாதிரிச் சின்ன விமானம்தான் வருது. இண்டிகோ 2024 செப்டெம்பரில சென்னையில இருந்தும், 2025 மார்ச் கடைசியில திருச்சியில இருந்தும் தொடங்கினது. நல்ல மாற்றம்தான், ஆனா சொந்தக்காரர் வீட்டுக்கு வாறவையும் அதில இருக்கினம். நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில தொடங்கிக் கொஞ்ச நாளில நிண்டு, 2024 ஓகஸ்டில திரும்ப ஓடினது. மாரிக் கடலுக்கு நிப்பாட்டுவினம். கப்பலை நம்பி வாறவையிட்ட முற்பணம் வாங்காமல் அறை பிடிச்சு வைக்காதேங்கோ.

கிணத்தடி:
முதல் காசு கிணத்துக்கும் மலக்குழிக்கும். ஏசி பிறகு.

யாழ்ப்பாணத்தில அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேல மிதந்து நிக்குது. பெரிய மோட்டர் போட்டு ஒரே மூச்சில இறைச்சால் கோடையில உவர் ஏறும். சின்ன மோட்டர், பெரிய தாங்கி. விடியக் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறையுங்கோ. ஆளுக்கு 150 லீட்டர் பிடிச்சால் எட்டுப் பேருக்கு 1,200. படுக்கை விரிப்புத் தோய்க்கிறதோட 2,000 லீட்டர்த் தாங்கி காணும்.

கல்வெடிப்பு வழியாகக் குழித் தண்ணி கிணத்துக்கு வந்திடும். அடி திறந்த குழி வேண்டவே வேண்டாம். அடியும் சுவரும் பூசின தொட்டி கட்டி, நிரம்ப நிரம்ப பவுசரில (தாங்கி லொறியில) எடுப்பியுங்கோ. திறக்க முதல் தண்ணியை நைத்திரேற்று உப்புக்கும் ஈ-கோலைக் கிருமிக்கும் சோதிக்க வேணும்.

ஷவர் ஓட்டையள் கெதியில வெள்ளையாக அடைக்கும். கழட்டி ஒரு இரவு வினாகிரியில ஊறவிட்டுப் பல் பிரஷால தேய்ச்சால் திறக்கும். இதே சுண்ணாம்புதான் ஹீட்டர் கொயிலையும் எரிக்கிறது.

வளவுக்காரன்:
அப்ப ரெண்டு அறையோட தொடங்கினால்? விலை எப்பிடி வைக்கிறது?

கணக்குப்பிள்ளை:
ரெண்டுதான் சரி. ஒரு உதாரணம்: அறை 12,000 ரூபாய். ஆன்லைன் தளத்துக்கு 15 வீதம் எண்டால் 1,800, ரெண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு 1,600, தோய்ப்பு 800, ஏசியோட கரண்ட் 1,000. மிச்சம் 6,800. சம்பளமும் திருத்த வேலையும் இதுக்குள்ளதான். சும்மா கிடக்கிற மாசங்களையும் இதே காசு தாங்க வேணும். அதனால ஒருக்கா வந்தவை அடுத்த முறை நேர போன் எடுக்கிற மாதிரி நடத்துங்கோ.

நெடுந்தீவு போறவை காலைப் படகு பிடிக்க வேணும். படகு வெளிக்கிடுற குறிகாட்டுவான் துறைக்கே ஒரு மணித்தியாலம் ஓட்டம். ஆறு மணிக்கு இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டிக் குடுங்கோ.

திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றின வீதியளை வாகனத்துக்கு மூடுவினம். உங்கட வீடு தடைக்கு உள்ளுக்கா எண்டு இப்பவே பாருங்கோ. வானை எங்க நிப்பாட்டுறது, பெட்டியை ஆர் தூக்கிறது, அந்த நாட்களில மச்சம் (மீன், இறைச்சி) இல்லை எண்டதை எல்லாம் முன்பதிவிலயே எழுதிவிடுங்கோ. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைப் பதிவையும் உள்ளூராட்சி சபை அனுமதியையும் கட்டட வேலை தொடங்க முதலே விசாரியுங்கோ. சுவர் எழும்பின பிறகு கழிவறை இடத்தை மாத்தச் சொன்னால் செலவு ரெட்டிப்பு.