செல்வமகள் பணத்தை ஜெர்மன் கிளாஸுக்கு எடுக்கலாமா? வரி வருமா?

சத்துவாச்சாரி சுதா:

பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சா. நர்ஸிங் சீட்டுக்கு அலைஞ்சு பார்த்துட்டோம், நம்ம கைக்கு எட்டின இடத்துல கிடைக்கல. இப்போ ஜெர்மன் படிக்கிறேன்னு நிக்கிறா. ஏ1, ஏ2, பி1, பி2-ன்னு போற லெவல்ல பி2 பாஸ் பண்ணா அங்க சம்பளத்தோட மூணு வருஷ நர்ஸிங் பயிற்சிக்குப் போகலாமாம். எங்க தெருவுலயே ரெண்டு பேர் போயிருக்காங்க, அதனால வெறும் பேச்சுன்னு தள்ளவும் முடியல.

காட்பாடி காந்தி நகர்ல கிளாஸ். ஏ1, ஏ2 தலா 18,000, பி1 22,000, பி2 25,000. மொத்தம் 83,000.

2015 மார்ச்ல, அவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது, போஸ்ட் ஆபீஸ்ல பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிச்சேன். மாசம் ஆயிரம். சம்பளம் லேட்டானாலும் அந்த ஆயிரத்தை மட்டும் விட்டதில்ல. போன மார்ச் 31 அன்னிக்கு பாஸ்புக்ல 1,83,400 இருக்கு. போன ஜூன்ல அவளுக்கு 18 முடிஞ்சுது. படிப்புக்குப் பாதி எடுக்கலாம்னு தெரிஞ்சுதான் போனேன். கவுன்டர்ல, "டிகிரி காலேஜ் அட்மிஷன் இருந்தா வாங்கம்மா, ஸ்போக்கன் கிளாஸுக்கெல்லாம் கிடையாது"ன்னு பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இன்னொரு பயமும் இருக்கு. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில அக்கவுன்ட்ஸ்ல இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் இந்தப் பணத்தை வருமான வரியில 80சி சலுகைக்குக் காட்டியிருக்கேன். இப்போ எடுத்தா அந்த வரியைத் திருப்பிக் கட்டணுமா? எடுக்கிற பணத்துல வட்டியும் சேர்ந்துதானே வரும், அதுக்கு வரி உண்டா? ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுறேன், என் கணக்குலதான் தடுமாறுறேன்.

பழைய தபால்காரன்:

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் அஞ்சல் துறையில் சேர்ந்தவன் நான். கவுன்டரில் இருப்பவர் மேல் கோபப்படாதீர்கள் அம்மா, அவர் பழைய விதியை மனதில் வைத்துப் பேசியிருப்பார். 2014இல் வந்த விதியில் "உயர்கல்வி" என்று இருந்தது. 2019 டிசம்பரில் வந்த விதியில் கணக்கு வைத்திருப்பவரின் "கல்வி" என்றுதான் இருக்கிறது. 18 வயது முடிந்தாலோ பத்தாம் வகுப்பு தேறினாலோ, எது முந்தியோ அதிலிருந்து எடுக்கலாம். டிகிரி என்ற சொல்லே அதில் இல்லை.

ஆனால் "கல்வி நிறுவனம்" தந்த சேர்க்கை உத்தரவோ கட்டண ரசீதோ வேண்டும் என்று இருக்கிறது. சிக்கல் வந்தால் அங்கேதான் வரும். துண்டுச் சீட்டில் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தால் எந்த போஸ்ட் மாஸ்டரும் தயங்குவார். லெட்டர் பேடில் நிறுவனத்தின் பதிவு எண், பெண்ணின் பெயர், படிப்பின் காலம், கட்ட வேண்டிய தொகை எல்லாம் அச்சடித்து வாங்குங்கள். கவுன்டரோடு திரும்பாமல் போஸ்ட் மாஸ்டரையே பாருங்கள். அவரும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் விதிப் புத்தகத்தைப் பிரிப்பார்கள், நானே அப்படிப் பிரித்திருக்கிறேன்.

போன மார்ச் 31 இருப்பில் பாதிதான் எடுக்கலாம், உங்கள் கணக்கில் அந்த உச்சவரம்பு 91,700. ரசீதில் என்ன தொகையோ அதற்கு மேல் தர மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் எடுக்கலாம், அதிகபட்சம் ஐந்து வருடம். பெண்ணுக்கு 18 ஆகிவிட்டதால் கையெழுத்து அவளுடையது. ஆதார், பான் கார்டோடு அவளையே அழைத்துப் போங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் பையன்:

அக்கா, வரி பயத்தை விடுங்க. செல்வமகள்ல எடுக்கிற பணத்துக்கு, வட்டியும் சேர்த்து, 1961 வருமான வரிச் சட்டத்துல பிரிவு 10(11ஏ)படி முழு விலக்கு. வருமான வரியில பழைய முறை, புது முறை எதுல இருந்தாலும் சரி. 80சி-யில வாங்கின சலுகையைத் திருப்பிப் பிடுங்குற விதி வேற ஐட்டங்களுக்குத்தான்: அஞ்சு வருஷ போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டைப் பாதியில உடைச்சா, எல்ஐசி-யை ரெண்டு வருஷம் கட்டுறதுக்குள்ள நிறுத்தினா, அந்த மாதிரி. செல்வமகளுக்கு அது கிடையாது.

கிளாஸ் ஃபீஸை 80சி டியூஷன் ஃபீஸா காட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க. அது முழுநேரப் படிப்புக்குத்தான், சாயங்கால ஜெர்மனுக்கு இல்ல. புது முறையில 80சி-யே இல்லாததால அந்தக் கவலையும் வேணாம். 2025-26ல சம்பளம் 12,75,000 வரைக்கும் இருந்தா எப்படியும் வரி பூஜ்யம்.

நீங்க கவனிக்காத ஒண்ணு இருக்கு. 83,000ங்கறது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? கோச்சிங்குக்கு 18 சதவீதம். தனியா போட்டாங்கன்னா 97,940 ஆயிடும், உங்க 91,700ஐத் தாண்டிடும். கேட்டுட்டு எழுதுங்க.

குடியாத்தத்தான், இப்போ டல்லாஸ்:

அக்கா, நம்ம ஊர் விதி எவ்வளவோ தேவலை. இங்க 529ன்னு பிள்ளைங்க படிப்புக்கு ஒரு சேமிப்பு. தகுதி இல்லாத கிளாஸுக்கு எடுத்தா போட்ட அசலுக்கு ஒண்ணும் இல்ல, வளர்ந்த பகுதிக்கு மட்டும் வருமான வரி, அது மேல 10 சதவீதம் தண்டம். 2025 ஜூலை 4 அன்னிக்குக் கையெழுத்தான சட்டத்துலதான் அங்கீகரிச்ச தொழில் சான்றிதழ் படிப்புகளையும் சேர்த்தாங்க. அரசாங்கப் பட்டியல்ல வர்ற வெல்டிங் கோர்ஸ் மாதிரி எதுக்காவது எடுக்கலாம். என் பொண்ணோட பரதநாட்டிய கிளாஸுக்கு இன்னும் என் பாக்கெட்தான்.

பாகாயம் மேரி:

சுதாக்கா, விதி எல்லாம் சரி. என் பையன் இதே ஜெர்மனை ஏ2 பாதியில விட்டுட்டு இப்போ பைக் ஷோரூம்ல இருக்கான். கட்டின ஃபீஸ் திரும்பி வரல. நாலு லெவலுக்கும் மொத்தமா கட்டிடாதீங்க. ஏ1-ஐக் கைக்காசுல கட்டுங்க. தினம் காலையில எழுந்து வார்த்தை மனப்பாடம் பண்றாளான்னு ரெண்டு மாசம் பாருங்க. அப்புறம் மிச்ச மூணுக்கும் ஒரே ரசீதா வாங்கிச் செல்வமகள்ல எடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான்னு ஐயா சொல்றாரே, அதை ஏ1-க்குச் செலவழிச்சுட்டா பி1-க்கு நிப்பீங்க. சென்னையில பரீட்சை எழுத தனி ஃபீஸ், அதையும் கணக்குல வைங்க.

சத்துவாச்சாரி சுதா:

எல்லாருக்கும் நன்றி. தபால்கார ஐயா சொன்ன மாதிரி லெட்டர் பேட் கேட்டேன். முதல்ல "எதுக்கும்மா அதெல்லாம்"னு இழுத்தாங்க, செக்கா வரும்னு சொன்னதும் அடிச்சுக் கொடுத்தாங்க. ஜிஎஸ்டி தனிதான்! தம்பி, நீங்க சொல்லலைன்னா அங்க போய் முழிச்சிருப்பேன். மேரி சொன்னபடி ஏ1-க்கு 21,240 நான் கட்டிட்டேன். மிச்சம் மூணுக்கு வரியோட 76,700. அது வரம்புக்குள்ள வருது.

ராத்திரி உக்காந்து ஒரு கணக்கும் போட்டேன். அந்த 76,700ஐ எடுக்காம விட்டா, வட்டி இப்படியே 8.2ல நின்னா, 2036 மார்ச்ல கணக்கு முடியும்போது ஒண்ணேமுக்கால் லட்சம் ஆயிருக்கும். வரி ஒண்ணும் இல்லைன்னாலும் இந்த வட்டிதான் நான் கட்டுற ஃபீஸ். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "பணம் அவ பேர்ல இருக்குது, அவளையே கேளு"ன்னுட்டார். கேட்டா "எடும்மா"ன்னு ஜெர்மன்ல ஏதோ சொன்னா. திட்டினாளான்னு தெரியல.

பான் கார்டுக்கு இ-சேவையில எழுதிக் கொடுத்திருக்கு. வந்ததும் அவளைக் கூட்டிட்டு போஸ்ட் மாஸ்டரைப் பார்க்கணும். ஐயா, பாஸ்புக்ல கார்டியன்னு என் பேர்தான் இருக்கு. அதை மாத்தின அப்புறம்தான் எடுக்க முடியுமா, இல்ல ரெண்டையும் ஒரே நாள்ல கொடுக்கலாமா?

பழைய தபால்காரன்:

ஒரே நாளில் கொடுக்கலாம் அம்மா. முதலில் கணக்கை அவள் பெயரில் நடத்துவதற்கான ஆவணங்களைக் கொடுங்கள், அதன் மேல் பணம் எடுக்கும் படிவத்தை வையுங்கள். திங்கட்கிழமை காலை மட்டும் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும்.