பிடிக்குள் இருந்தது வேறு: குன்தோ வாள்களோடு நேர்ந்த அனுபவங்கள்

குன்தோ என்றால் ஜப்பானிய ராணுவ வாள். அவற்றைச் சேகரிப்பவர்கள் சிலர் புனைபெயரில் எழுதியவை இவை.

கருந்துரு:

பினாங்கில் பழைய வீட்டுச் சாமான்களோடு விற்பனைக்கு வந்த வாள். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு உறை, ஒற்றைத் தொங்குவளையம், செர்ரிப் பூ பதித்த ட்சுபா (கைக்காப்புத் தட்டு). 1938-இன் 98-ஆம் வகை ராணுவ அதிகாரி வாள் என்பது பார்த்தவுடனே தெரியும். விற்றவரும் 'போர்க்கால மிஷின் வாள்' என்றுதான் விலை சொன்னார். அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு.

மெகுகி ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியை உருவினால், நகாகோவில் (பிடிக்குள் போகும் அலகின் அடிப்பகுதி) இரண்டு துளைகள். ஒன்று பிடியின் துளைக்கு நேராக இருந்தது. மற்றது எதற்கும் பயன்படாமல் சும்மா கிடந்தது. அடிமுனை நேராக வெட்டப்பட்டிருந்தது. கொல்லர் வெட்டிய பெயரில் கடைசி எழுத்து பாதியோடு அறுந்து நின்றது. யாரோ ஒரு குடும்பத்தின் பழைய வாளைக் குட்டையாக்கி ராணுவ உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். அன்றைய அதிகாரிகள் பலர் செய்த வேலைதான்.

இன்னும் மனதை அறுப்பது அது இல்லை. நகாகோவின் மேல்பாதியைக் கம்பி பிரஷ் போட்டு யாரோ தேய்த்திருந்தார்கள். கீழ்ப்பாதி புளியங்கொட்டைத் தோல் நிறத்தில் கறுத்து, கையில் வழுவழுவென்று இருக்கிறது. மேல்பாதி புது எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னுகிறது. பெயரின் முதல் எழுத்து பாதி மழுங்கிவிட்டது. அந்தக் கறுப்புத்தான் வாளின் வயதுக்குச் சாட்சி. போனால் திரும்ப வராது.

அலுமினியப் பிடி:

எனக்கு வந்தது 95-ஆம் வகை. 1935-இல் வந்த, அதிகாரி அல்லாதவர்களுக்கான வாள். விற்றவர் 'சாமுராய் குடும்ப வாள்' என்றார். பிடியில் நூல் சுற்றே இல்லை. சுற்றியதுபோல வார்த்து எடுத்த அலுமினியம், அதன்மேல் பெயின்ட். மூங்கில் மெகுகி இருக்க வேண்டிய இடத்தில் திருகு. ஹபாகிக்கு (அலகின் அடியைச் சுற்றிய உலோகக் கழுத்துப்பட்டை) சற்று மேலே அலகில் வரிசை எண், உறையின் வாயிலும் அதே எண். பிடியின் கழுத்து வளையத்தில் ஆயுதத் தொழிற்சாலையின் முத்திரைகள். இதன் நகாகோவில் கொல்லர் பெயரைத் தேட வேண்டாம், இருக்காது.

புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த வகையில்தான், ஏனென்றால் போலி அதிகம். அசல் வார்ப்பில் சுற்றின் மடிப்பும், அடியிலுள்ள திருக்கைத் தோலின் மணிகளும் விளிம்பு கூராகத் தெரியும். போலியில் மெழுகு உருகியதுபோல மொழுக்கென்று இருக்கும். அலகின் நீளப் பள்ளத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், போலியில் அது அலைபாயும். ஆரம்பத்தில் செம்புப் பிடி, பிறகு அலுமினியம், போர் முடியும் காலத்தில் குறுக்குக் கோடு வெட்டிய மரப்பிடி என்று மாறியது. அதனால் மரப்பிடியைக் கண்டதும் போலி என்று தள்ளிவிடாதீர்கள். இன்னொன்று: உரிந்த பெயின்டைச் சுரண்டி அலுமினியத்தைப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பெயின்ட்தான் அதன் மதிப்பு.

செக்கி வாசகர்:

மேலே வந்த விற்பனையாளரைப் போலப் பலரும் 'மிஷின் வாள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. நகாகோவில் முத்திரை இருந்தாலே மட்டம் என்று புதியவர்கள் நம்பிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

கிஃபு மாகாணத்தின் செக்கி ஊரிலிருந்து வந்த அலகுகளில் ஷோவா முத்திரையோ செக்கி முத்திரையோ இருந்தால், பெரும்பாலும் எண்ணெயில் பதம் போட்ட ஷோவாதோ, அதாவது மரபு முறையில் செய்யாத போர்க்கால வாள் என்று கொள்ளலாம். நட்சத்திர முத்திரை கதையே வேறு. அது ராணுவம் அங்கீகரித்த கொல்லர்கள், ராணுவம் தந்த தமஹகானே எஃகில் (இரும்பு மணலை உருக்கி எடுக்கும் மரபு எஃகு) மரபு முறையில் அடித்த வாள்களுக்கு உரியது. எனக்குக் காட்டப்பட்ட ஒரு வாளில் அந்த நட்சத்திரம் துருவுக்குள் கடுகளவுதான் தெரிந்தது. வைத்திருந்தவர் அதை அடிபட்ட தழும்பு என்று நினைத்து உப்புத்தாளை எடுத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அது இருந்த இடமே தெரிந்திருக்காது.

நகாகோவின் பின்பக்கத்துத் தேதியையும் படிக்கப் பழகுங்கள். ஷோவா (பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்காலம்) ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் போதும். ஷோவா 18 என்றால் 1943. தென் மஞ்சூரிய ரயில்வே தாய்ரனில் செய்த மன்தெத்சு வாள்களில் எண்ணுக்குப் பதிலாக விலங்குச் சுழற்சி ஆண்டும் பருவமும் வரும். குரங்காண்டு வசந்தம் என்று இருந்தால் 1944. முன்பக்கத்தில் 'கோவா இஷ்ஷின்' என்று தொடங்கும். குழாய் வடிவ எஃகுக்குள் மென்மையான இரும்பைச் செருகி அடித்தவை அவை. மரபு முறையும் இல்லை, மட்டமும் இல்லை. டோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை சுமார் 8,000 வாள்கள் முழு மரபு முறையில் அடிக்கப்பட்டன. அவையும் இதே பச்சை உறைக்குள்தான் போயின.

முத்திரையே இல்லையென்றால் ஹமோனை, அதாவது பதம் போட்டதில் கூர்ப் பக்கமாக விழும் கோட்டைப் பாருங்கள். அறையில் ஒற்றை பல்பு மட்டும் எரியட்டும். அலகைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, முனையை வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். தண்ணீரில் பதம் போட்டதில் ஹமோன் ஓரமாக மணல் தூவியதுபோல நியே துகள்கள் தனித்தனியே மின்னும். எண்ணெய்ப் பதத்தில் அது அநேகமாக இருக்காது. அமிலத்தால் வரைந்த போலி ஹமோன் என்றால் வெள்ளைப் புகை மாதிரி ஒரே சீராக ஓடும், உள்ளே எந்த வேலையும் இருக்காது.

ஒற்றை மெகுகி:

என் விஷயம் சின்னது. பிடி கழலவே இல்லை. மெகுகியை எடுத்தாயிற்று, முஷ்டியால் தட்டியாயிற்று, அசையவில்லை. கடைசியில் பிடியின் கோடிப் பக்கம், அரக்கு பூசிய நூல் சுற்றுக்கு அடியில் இரண்டாவது மெகுகி ஒன்று இருந்தது. போரின் பிற்பகுதியில் வந்த 3-ஆம் வகை வாள் அது. இரண்டு ஆணிகள் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இழுத்ததில் பிடியின் மரம் நீளவாக்கில் பிளந்தது. அந்த 'டிக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கழற்றும் முறையை எழுதிவிடுகிறேன். மெகுகி ஒரு பக்கம் சிறுத்து மறுபக்கம் பருத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து பித்தளைக் குச்சியால் தட்டுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் இறுகும். பிறகு பிடியின் கோடியை இடக்கையில் பிடித்து, அலகு மேல்நோக்கிச் சாய்ந்திருக்க, கூர் உங்களைப் பாராமல் வைத்து, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் குத்துங்கள். மூன்று நான்கு குத்தில் நகாகோ இளகும். இளகாவிட்டால் நகாகோவின் முனையைத் தட்டாதீர்கள். அலகு நுழையும் அளவுக்குப் பிளவு வெட்டிய மரத்துண்டை செப்பாவின்மேல் (ட்சுபாவின் இருபுறமும் வரும் மெல்லிய உலோகத் தகடு) வைத்து, மரச் சுத்தியலால் இருபுறமும் மாறி மாறி மெல்லத் தட்டுங்கள். ஒரே பக்கம் தட்டினால் ட்சுபா கோணும்.

கழற்றும்போது ஒவ்வொரு செப்பாவையும் படம் எடுத்து, வந்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். 98-ஆம் வகையில் பல செப்பாக்கள் வரும். பலவற்றில் ஒரே சிறிய எண் குத்தியிருக்கும், ட்சுபாவிலும் அதே எண் இருந்தால் உதிரிகள் மாறவில்லை என்று அர்த்தம். ஒன்று இடம் மாறினாலும் பூட்டும்போது ஆடும், அல்லது மெகுகித் துளை நேராக வராது. பூட்டுப் பொத்தானின் வில் ட்சுபா வழியாகப் போகும், அதை வளைத்துவிடாதீர்கள்.

பித்தளை உதிரிகளில் பச்சைக் களிம்பு இருந்தால், குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. மேலே இருந்த பொன் முலாம் களிம்போடு சேர்ந்து போய்விடும். ஒரு சொட்டு எண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டினால் போதும்.

கருந்துரு:

எண்ணெய் என்று மட்டும் எழுதினால் வீட்டில் இருப்பதை எடுத்துவிடுவார்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். நாளானால் பிசுக்காகும், தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை வந்த எண்ணெயின் அமிலம் எஃகைத் தின்னும். வாளுக்கென்றே உள்ள சோஜி எண்ணெய் இல்லையென்றால் தையல் மிஷின் எண்ணெய் போதும். பழைய எண்ணெயை முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதை மெல்லிய படலமாகத் தடவுங்கள். விரலால் தொட்டால் வழியக் கூடாது. அலகை முதுகுப் பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும், கூர்ப் பக்கத்திலிருந்து அல்ல.

மெருகுக் கல்:

அதோடு உச்சிகோவையும் விட்டுவிடுங்கள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது மெருகுக் கல்லின் பொடி. நல்ல மெருகில் இருக்கும் அலகில் வாராவாரம் தட்டினால் மெல்லிய கீறல்கள் சேர்ந்து ஹமோன் மங்கும். அதை நேரில் பார்த்தேன், வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி. துருவைத் தூக்க அது உதவும் என்று சிலர் சொல்வார்கள். துருப்பிடித்த அலகில் எண்ணெயும் பொறுமையும் செய்வதற்குமேல் அது எதுவும் செய்வதில்லை.

மெருகை வீட்டில் முயலாதீர்கள். தேர்ந்தவர் பின்சுயி, கைசேய், நகுரா, உச்சிகுமோரி என்று கல் கல்லாகப் போவார். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் எஃகு தேய்கிறது. மேல்தோல் எஃகு தீர்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு திட்டுத்திட்டாக வெளியே வரும். மின்சாரச் சக்கரத்தில் வைத்தால் பதமே போய்விடலாம்.

செலவு செய்யுமுன் பத்து மடங்கு லென்ஸில் கூர் விளிம்பை முழுக்கப் பாருங்கள். விளிம்பிலிருந்து ஹமோனுக்குள் செங்குத்தாகத் தலைமயிர் போல ஒரு கோடு ஏறினால் அது ஹகிரே, விரிசல். மெருகுக்குக் கொடுப்பதில் பயனில்லை. ஜப்பானுக்கு அனுப்ப நினைத்தால் இன்னொன்று: அங்கே மரபு முறையில் அடித்த வாளுக்குத்தான் பதிவு கிடைக்கும். 95-ஆம் வகையை அனுப்பினால் அது உங்களிடம் திரும்பாது.

ஒற்றை மெகுகி:

உறையை யாரும் சொல்லவில்லை. இரும்பு உறைக்குள் மர உறை ஒன்று இருக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைத்து அலகில் புதிதாகத் துரு ஏற்றுவது அதுதான். வாய்ப்பகுதியின் இருபுறமும் உள்ள சின்னத் திருகுகளைக் கழற்றி, மரத்தை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பிளக்கும். திருகுக்குச் சரியான முனையுள்ள திருப்புளி வேண்டும், தலை மழுங்கினால் அப்புறம் வராது.

பிளந்த பிடிக்குப் புது மெகுகி செய்யும்போது சீன உணவகத்துச் சாப்பாட்டுக் குச்சியை வெட்டிப் போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். காய்ந்து முதிர்ந்த மூங்கிலில் தோல் பக்கத்தை ஒட்டிச் சீவுங்கள், வலு அந்த நார்களில்தான். சிறுத்த முனை மறுபக்கம் எட்டி நிற்கும் அளவுக்குச் சீவி, கட்டைவிரல் அழுத்தத்தில் நுழைத்து, கடைசியில் ஒரே ஒரு தட்டு. அதற்கு மேல் தட்ட வேண்டியிருந்தால் ஆணி பருமன். இன்னும் சீவுங்கள்.