‘தரவுச் செலவு’: பேண்ட்வித் யூசேஜுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> வலை வழங்கியின் (வலைப்பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியின்) லாக் கோப்பைக் கொண்டு பேண்ட்வித் யூசேஜைக் கண்காணிக்கும் பகுதிக்குப் ‘பட்டையகலப் பயன்பாடு’ என்று பெயரிடலாமா?

அப்பகுதி உண்மையில் எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பட்டையகலம் என்பது ஓர் இணைப்பில் நொடிக்கு எத்தனை பிட்டுகள் செல்ல முடியும் என்னும் கொள்திறன். வழங்கி தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பிலோ, ஒவ்வொரு கோரிக்கையும் முடிந்த பிறகே அதற்காக அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கை ஒரு வரியில் எழுதப்படுகிறது. ஒருவர் பெரிய கோப்பொன்றை இரண்டு மணி நேரம் தரவிறக்கினாலும் முழு அளவும் இறுதியில் ஒரே வரியாக வந்து சேர்வதால், இடையில் எந்த நொடியில் இணைப்பு நெரிசலுற்றது என்பதை அதைக் கொண்டு அறிய இயலாது. வழங்கி வாடகைக்கு விடுவோர் மாதம் 100 ஜிபி என்னும் வரம்பையும் பேண்ட்வித் என்றே அழைப்பதுதான் இக்குழப்பத்தின் ஊற்று. அந்த 100 ஜிபியை 30 நாளுக்குச் சீராகப் பரப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 0.31 மெகாபிட்தான் வரும். இணைப்போ நொடிக்கு 100 மெகாபிட் கொள்திறன் உடையதாக இருக்கலாம். அளவையும் வேகத்தையும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம் தமிழுக்கு வேண்டாம்.

ஆகவே ‘தரவுச் செலவு’ என்பதை முன்மொழிகிறேன். செலவு, ‘செல்’ என்னும் வினையடியில் பிறந்த சொல். பழம்பாடல்களில் தலைவனின் பயணமே செலவு, புறப்பட எண்ணியவன் தயங்கி நிற்பது செலவழுங்கல். செல்லுதல், கணக்கில் கழிதல் ஆகிய இரு பொருளும் வழங்கியை விட்டு வெளியேறும் பைட்டுகளுக்குப் பொருந்துகின்றன. பேச்சுவழக்கிலும் ‘டேட்டா செலவாகிறது’ என்றுதானே சொல்கிறோம்? உள்ளே வருவதற்குத் ‘தரவு வரவு’ என்னும் இணையும் கிடைக்கிறது. வழங்கி மென்பொருளான அப்பாச்சியின் மாட்_லாக்ஐஓ என்னும் கூறு இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணித் தருவதால், அதன் ஆவணத்தைத் தமிழாக்கும்போது இந்த இணை உடனே பயன்படும்.

இன்னொரு வேறுபாடும் காக்கப்பட வேண்டும். மற்றொரு வழங்கி மென்பொருளான என்ஜின்எக்ஸின் லாக்கில் வரும் ‘பாடி பைட்ஸ் சென்ட்’ என்னும் எண், மறுமொழியின் தலைப்பகுதியை (உள்ளடக்கத்துக்கு முன் செல்லும் விவரக் குறிப்புகளை) விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டுமே எண்ணும். ‘பைட்ஸ் சென்ட்’ இரண்டையும் சேர்த்து எண்ணும். கோப்பு மாறவில்லை என்பதற்கான 304 மறுமொழியில் உள்ளடக்கமே இல்லாததால் முன்னது சுழியம் காட்டும்; ஆனாலும் தலைப்பகுதியின் பைட்டுகள் சென்றிருக்கும், அவையும் மாதக் கணக்கில் ஏறும். எனவே முன்னதை ‘உள்ளடக்கச் செலவு’ என்று பிரித்துவிட்டு, பின்னதை மட்டுமே ‘தரவுச் செலவு’ என வழங்க வேண்டும்.

லாக் என்பதற்குப் ‘பதிவு’ என்றால் வலைப்பதிவோடும் பெயர்ப்பதிவோடும் மயங்கும். ‘பதிகை’ எனக்கு உகந்ததாகப் படுகிறது. அதன்படி ரிக்வெஸ்ட் லாக் ‘கோரிக்கைப் பதிகை’ ஆகும். இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.