அம்மாவை மருந்து டிரையலில் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?

சின்னப்பாலத்துப் பொண்ணு:
அம்மாவுக்கு வயது 56. பாம்பனில் முப்பது வருஷமாகக் கடல்பாசி எடுக்கிறார். மூன்று வருஷமாக முடக்குவாதம் (மூட்டு வீங்கி விறைக்கும் நோய்), சர்க்கரையும் உண்டு. பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றித்தான் கடலில் இறங்குவார்கள். இப்போது அந்தத் துணியை முடிச்சுப் போடவே காலையில் விரல் மடங்குவதில்லை, விரல் சரியாவதற்கு ஒன்பது மணி ஆகிவிடும், அதற்குள் வத்தை (சின்னப் படகு) போய்விடும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டும் இந்த நிலைமைதான். மதுரையில் பார்க்கும் டாக்டர், முடக்குவாதத்துக்கான டோஃபாசிடினிப் வகை மாத்திரைக்கு டிரையல் (ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை) நடக்கிறது, எல்லாம் இலவசம், சேருகிறீர்களா என்றார். அப்பாவோ "எலிக்குப் பதில் நீயா" என்கிறார். என்ன செய்ய?

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, டிரையல் இருக்கட்டும், முதலில் அந்த மெத்தோட்ரெக்சேட்டை அம்மா எப்படிப் போடுகிறார் என்று பார். வாரத்துக்கு ஒரே நாள்தான். எங்கள் மாமாவுக்கு மருந்துக்கடையில் தினமும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாயெல்லாம் புண், ரத்த அணு இறங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஆராய்ச்சி நர்ஸ்:
காக்கா சொன்னது சரி. நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் சேர் என்றோ சேராதே என்றோ சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவின் வயதும் சர்க்கரையும் இங்கே முக்கியம். 50 வயது தாண்டி, மாரடைப்புக்கு ஒரு காரணமாவது உள்ள 4,362 முடக்குவாத நோயாளிகளிடம் இந்த வகையில் உள்ள டோஃபாசிடினிப்பைப் பழைய வகை ஊசிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மாத்திரைக்காரர்களில் 3.4 சதவீதம், ஊசிக்காரர்களில் 2.5. புற்றுநோயும் கொஞ்சம் கூடுதல். பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் அம்மா அந்தக் கூட்டத்தில் வருகிறவர். சேர்ப்பதற்கு முன் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்களா, இதயத்தை எப்படிக் கவனிப்பார்கள், இதெல்லாம் டாக்டரிடம் நேராகவே கேள். சும்மா விட்டாலும் ஆபத்துதான், அடங்காத முடக்குவாதம் மூட்டோடு நிற்காது, நுரையீரலையும் இதயத்தையும் தொடும்.

அப்புறம், சம்மதப் படிவத்தில் மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் செலவு என்று எழுதியிருக்கும், அதைத் தேடிப் படி. மருந்து டிரையலுக்கான 2019 அரசு விதிப்படி இலவச சிகிச்சை தந்தாக வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி (டிரையலில் சேருகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) நம்பரும் அதிலேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக அவர்கள் அம்மாவின் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. அப்பாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ, எலி பேச்சை டாக்டரிடமே பேசட்டும்.

சின்னப்பாலத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா. காக்கா, டப்பாவைப் பார்த்தேன், ஞாயிறு மட்டும்தான், சரியாகத்தான் போடுகிறார். படிவத்தைப் படித்துக் காட்டினேன், இதயம் பற்றி ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. மாசத்தில் பாசிக்குப் போவதே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 12 நாள், அந்த நாளில் மதுரைக்கு வரச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

ஆராய்ச்சி நர்ஸ்:
ஒவ்வொரு விசிட்டுக்கும் பெரும்பாலும் சில நாள் முன்னே பின்னே இடம் விட்டிருப்பார்கள். காலண்டரைக் கையோடு கொண்டு போய்க் கேள். பஸ் காசும் கேள், கூச்சப்படாதே.