கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: கட்டியது 845-இலா, 1060-க்குப் பிறகா?

வளையம்எண்ணி:
இங்கிலாந்தின் எசெக்ஸில் சிப்பிங் ஓங்கர் பக்கத்துக் கிராமம் கிரீன்ஸ்டெட். அங்குள்ள புனித அந்திரேயா ஆலயத்தின் மரச்சுவர் பற்றித்தான் கேள்வி. பழைய கையேடுகளில் கி.பி. 845 என்று இருக்கிறது; இப்போது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்கிறார்கள். இரண்டுமே மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துச் சொன்னவை. ஒரே மரத்தில் 200 வருட வித்தியாசம் எப்படி வரும்? இன்று நிற்பதில் எவ்வளவு அசல்? மரம் எப்படி இத்தனை காலம் உளுத்துப் போகாமல் இருந்தது?

வெளிறும்வைரமும்:
845 என்பது 1960-இல் சொன்னது. இங்கிலாந்து ஓக் மரங்களுக்கு நீண்ட, நம்பகமான ஒப்பீட்டு வரிசை அப்போது கிடையாது. வளையங்களின் தடிமன் வரிசையை ஏற்கெனவே காலம் தெரிந்த வரிசையோடு பொருத்தித்தான் ஆண்டு சொல்ல முடியும். ஒப்பிடும் வரிசை பலவீனமாக இருந்தால் தவறான இடத்திலும் அழகாகப் பொருந்திவிடும்.

1995-இல் மறுபடி ஆய்வு செய்தபோது வந்த விடை 1053, அதோடு 10 முதல் 55 ஆண்டுகள். பலர் 1053-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள், அது மரத்தில் மிஞ்சிய கடைசி வளையத்தின் ஆண்டு, கட்டிய ஆண்டு அல்ல. ஓக் மரத்தின் உள்ளே வைரம் (முற்றிய கெட்டி மரம்), வெளியே வெளிறு (பட்டையை ஒட்டிய இளமரம்). வெளிறு மென்மையானது, முதலில் வண்டு அரிப்பது அதைத்தான். தச்சர்களும் செதுக்கித் தள்ளிவிடுவார்கள். இங்கிலாந்து ஓக்கில் வெளிறு பொதுவாக 10 முதல் 55 வளையம் இருக்கும். காணாமல் போன அந்த வளையங்களைக் கூட்டினால் மரம் வெட்டப்பட்டது 1063-க்கும் 1108-க்கும் இடையில். காய்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது என்பதால் பச்சையாகவே வேலை செய்வார்கள். ஆகவே வெட்டிய காலமும் கட்டிய காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1066-இல் நார்மன்கள் வருவதற்கு முன்பா பின்பா என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. ‘சாக்சன் ஆலயம்’, அதாவது நார்மன்களுக்கு முந்தையது, என்று அடித்துச் சொல்பவர்களிடம் ஆதாரம் கேளுங்கள். 1013-இல் புனித எட்மண்டின் (கொல்லப்பட்ட பழைய ஆங்கில மன்னர்) உடல் இங்கே ஒரு இரவு வைக்கப்பட்டதாகச் சொல்லும் மரபும் இந்தச் சுவர்களுக்குப் பொருந்தாது. அப்போது இந்த மரங்கள் காட்டில் நின்றன. அதற்கு முந்தைய கட்டடம் ஏதாவது இருந்திருக்கலாம். 1960 அகழாய்வில் பீடப்பகுதித் (பலிபீடம் உள்ள கிழக்குப் பகுதி) தரைக்கடியில் இன்னும் பழைய மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது.

வாச்சிக்காரன்:
தச்சு வேலையைப் பற்றி. மக்கள் கூடும் கூடத்தின் சுவரில் நிற்பவை 51 ஓக் துண்டுகள். அடிமரத்தை நெடுக்காகப் பிளந்து, வளைந்த முதுகை வெளியேயும் தட்டைப் பக்கத்தை உள்ளேயும் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்பக்கம் வாச்சியால் செதுக்கிய தழும்பு இன்றும் தெரியும். ஒவ்வொரு துண்டின் இரு விளிம்பிலும் காடி (நீளவாக்கில் பள்ளம்) எடுத்து, பக்கத்துத் துண்டோடு சேரும் இடத்தில் தனியாக ஒரு ஓக் நாக்கை (மெல்லிய பட்டி) செருகியிருக்கிறார்கள். பச்சை மரம் காயும்போது சுருங்கும். துண்டுகளுக்கிடையே இடைவெளி விழும். நாக்கு இரண்டு காடிகளிலும் தளர்வாக உட்கார்ந்திருப்பதால் இடைவெளி விரிந்தாலும் காற்றும் மழையும் உள்ளே வராது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

உளுத்துப் போகவே இல்லை என்பது சரியல்ல. அடிப்பகுதி நன்றாகவே இற்றுப்போனது. பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழ்மண்ணில் காற்று குறைவு, உயரத்தில் ஈரம் குறைவு. தரைமட்டத்தில்தான் இரண்டும் சேரும். போதாக்குறைக்கு, செங்குத்தாக நிற்கும் மரத்தின் வெட்டுமுனை நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். 1848-இல் தொடங்கிய சீரமைப்பில் இற்றுப்போன முனைகளை அறுத்துவிட்டு, தாழ்வான செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் புதிய ஓக் கீழ்ச்சட்டம் போட்டு, துண்டுகளை அதில் நிறுத்தினார்கள். அதாவது கீழ்ச்சட்டமும் செங்கல்லும் 19-ஆம் நூற்றாண்டு. அதற்கு மேல் நிற்கும் துண்டுகள் அசல், உயரம் மட்டும் குறைந்திருக்கிறது.

இப்படிப்பட்ட சுவரில் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைப்பதும், படலம் பிடிக்கும் வார்னிஷ் பூசுவதும் பெரிய கேடு. மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இடுக்கில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

காரைக்கல்:
மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பீடப்பகுதி செங்கல்லால் ஆனது, சுமார் 1500-ஐச் சேர்ந்த, டியூடர் மன்னர்கள் கால வேலை. அதன் சுவரின் அடியில் சிக்கிமுக்கிக் கல் வரிசை தெரியும். அது நார்மன் காலப் பீடப்பகுதியின் மிச்சம். கல்லைப் பார்த்துவிட்டு செங்கல்லின் தடிமனையும் பாருங்கள். டியூடர் செங்கல் ஏறக்குறைய 50 மி.மீ., விளிம்பு கோணலாக இருக்கும். மரச்சுவருக்கு அடியில் உள்ள விக்டோரியா காலச் (19-ஆம் நூற்றாண்டு) செங்கல் தடிமனாக, ஒரே அளவில் இருக்கும். கூரையில் துருத்தி நிற்கும் ஜன்னல்களும் விக்டோரியா காலத்தவை.

மேற்கே பலகை வேய்ந்த வெள்ளைக் கோபுரம். அதிலுள்ள மணியில் ‘வில்லியம் லேண்ட் என்னைச் செய்தார், 1618’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கிறது. மணியின் ஆண்டை வைத்துக் கோபுரத்தின் வயதை முடிவு செய்யக்கூடாது. மணிகள் இடம் மாறுவது சகஜம்.

வளையம்எண்ணி:
மிக்க நன்றி. வடக்குச் சுவரில் உள்ள சிறு துளை, தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை காண்பதற்கு என்கிறார்களே?

காரைக்கல்:
சுற்றுலாக் கதை. அது பழைய வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே நுழைவோர் விரல் நனைக்கத் தீர்த்தம் வைக்கும் இடமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆவணம் உள்ள கதை வேண்டுமென்றால் டோல்புடில் என்ற ஆங்கிலக் கிராமத்தின் விவசாயத் தொழிலாளர்களைப் பாருங்கள். 1834-இல் சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் சிலருக்கு, மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபின் இந்தப் பகுதியில் குத்தகை நிலம் கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், உடன் தண்டனை பெற்ற தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் இந்த ஆலயத்தில்தான் மணந்தார்.